இரண்டாவது கைக்குட்டை

அந்த மனுஷன் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு கைக்குட்டை இருக்கும். ஒன்று அவர் முகம் துடைக்க. கசங்கி, ஓரம் பழுத்துப் போனது. இன்னொன்று இஸ்திரி போட்டு நாலாக மடித்தது, வெள்ளை வெளேர் என்று. அது அடுத்தவர் அழுவதற்கு. யாராவது அவர் எதிரில் பேச ஆரம்பித்துக் குரல் லேசாகப் பிசிறினால் போதும், அந்த இரண்டாவது கைக்குட்டை பையிலிருந்து பாதி வெளியே வந்துவிடும். முழுசாக எடுக்க மாட்டார். கண்ணீர் விழும் வரை பாதியிலேயே பிடித்துக்கொண்டு நிற்பார், பந்தியில் பரிமாறுகிறவன் கரண்டியோடு அடுத்த இலைக்குக் குனிந்து நிற்கிற மாதிரி.

எனக்கு அவரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். பெயரைப் போட மாட்டேன். போட்டால் படிக்கிறவர்களில் பாதிப் பேர், அவர் நல்ல மனுஷனாயிற்றே என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

நான் நாலாம் வகுப்பு. சைக்கிள் கேரியரில் ஒற்றைக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு வடமதுரையிலிருந்து குஜிலியம்பாறை வரை மிதித்தவன். இன்று என்னிடம் இருக்கிற நாற்காலிகளை வரிசையாகப் போட்டால் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு நிரம்பி வெளியே வழியும். பந்தல், மேடை, மைக் செட், சீரியல் லைட், ஜெனரேட்டர், எல்லாம் சொந்தம். பெரிய படிப்புப் படித்தவர்கள் என் மைக்குக்கு முன்னால் வந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்பதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். ஒருத்தர் வாயைத் திறப்பதற்கு முன்பே, கூட்டத்துக்காகப் பேச வந்தவரா, தனக்காகப் பேச வந்தவரா என்று ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். இவர் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அவர் எங்கள் பக்கம் வந்தது அரசாங்க நிதியோடு. அடிபட்டு, பயந்து, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட பிள்ளைகளை ஊரே சேர்ந்து தேற்ற வேண்டும் என்று ஒரு திட்டம். ஊருக்கு ஒரு குழு. வாத்தியார், சத்துணவு அம்மா, மகளிர் குழுத் தலைவி, கடைக்காரர், இப்படி. ஒரு பிள்ளை சுருண்டு கிடந்தால் அதைக் கண்டுபிடிக்கவும், அதனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் அவர்களுக்குப் பயிற்சி. எங்கள் வட்டாரத்தில் இதை நடத்துகிற வேலை ஒரு தொண்டு அமைப்புக்கு வந்தது. அந்த அமைப்பின் ஒருங்கிணைப்பாளர்தான் இவர். ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே பிறந்தவர். வாய் நிறைய ‘ங்க’. சின்னப் பிள்ளையைக்கூடச் சாமி என்பார். எல்லோரும் அவரைச் சார் என்றார்கள், அவர் கூட்டங்களுக்கெல்லாம் மைக் செட் கொடுத்த நானும் சார் என்றுதான் கூப்பிட்டேன்.

திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த நிதியில் ஒரு நல்லது நடந்ததைக் கண்ணால் பார்த்தவன். மாசத்துக்கு இரண்டு தடவை ஒரு ஆற்றுப்படுத்தும் பொண்ணு பஸ்ஸில் வந்து இறங்கும். தோளில் ஒரு துணிப்பை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஏதோ கிறுக்கும், ஏதோ விளையாடும். அந்தப் பொண்ணு ஒருநாளும் என் மைக்கைத் தொட்டதில்லை.

சாரும் கை சுத்தம்தான். எல்லா ஆபீசிலும் பழகிய பழக்கத்தில், உங்களுக்கு ஏதாவது பார்த்துச் செய்யட்டுமா சார் என்று முதல் மாசமே கேட்டுப் பார்த்தேன். முகம் சிவந்துவிட்டது. அது பிள்ளைகளுக்கு வந்த காசு என்றார். டீகூடக் கைக்காசில்தான் குடிப்பார். திருடனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. திருடனை எனக்குத் தெரியும். அவனுக்குப் போதும் என்று ஒரு அளவு உண்டு. இவருக்கு வேண்டியது கண்ணீர். அதில் அவருக்கு அளவே கிடையாது.

“சொன்னாத்தானுங்க பாரம் குறையும்.” இதுதான் அவர் எங்கே போனாலும் சொல்வது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற இடத்தில்கூடச் சொல்லியிருப்பார்.

சித்தையன்கோட்டையில் குழுவினருக்கு ஒரு பயிற்சி நடந்தது. காலையில் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். மதியம் சாப்பிட்டு வந்ததும், பெரியவர்களே, உங்கள் சின்ன வயசுக் காயத்தை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார். வாழை இலை வியாபாரி ஒருவர், நல்ல ஆஜானுபாகுவான ஆள், எங்கப்பா ஒருநாள் என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், உடைந்து போனார். சார் கைக்குட்டையை நீட்டினார். பக்கத்தில் ஒருவர் செல்போனில் போட்டோ எடுத்தார். அந்த வியாபாரி அதற்கப்புறம் மூன்று நாள் கடை திறக்கவில்லை. தெருவில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லையாம். கேள்விப்பட்டு சார் சந்தோஷப்பட்டார். உள்ளே இருந்தது வெளியே வருகிறதாம்.

அந்தப் பயிற்சி அன்றைக்கே அவர் பார்வை என் பக்கமும் திரும்பியது.

“ஏனுங்கண்ணா, நீங்க எத்தனாவதோட நின்னீங்க?”

“நாலு சார்.”

“ஏன் நின்னீங்க?”

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. கைக்குட்டை பாதி வெளியே வந்திருந்தது. நான் எழுந்தேன். “ஒயர் சூடாகுது சார்,” என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டேன். நாலாம் வகுப்போடு நான் ஏன் நின்றேன் என்பது எனக்கும் இன்னொரு ஆளுக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஆள் செத்துப் போய்விட்டான். அதைச் சொல்லாமலேயே நான் இத்தனை சம்பாதித்தேன், நாலு பெண்களைக் கட்டிக் கொடுத்தேன். எனக்குப் பாரம் ஒன்றும் குறையவில்லை, சரிதான். ஆனால் அது என் பாரம்.

இனி அந்தப் பிள்ளையின் விஷயம். இதில் முதல் தப்பு என் மேல்தான். மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வடமதுரைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். சார் எனக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்: மாலை ஐந்து மணி, பள்ளி வளாகம், குழந்தைப் பருவ ட்ராமா. எனக்குத் தெரிந்த ட்ராமா ஒன்றுதான். வேஷம் கட்டி மேடையில் ஆடுவது. இங்கிலீஷில் மனக்காயத்துக்கும் அப்படி ஒரு வார்த்தை இருக்கிறது, இரண்டும் வேறே வேறே என்று பின்னால் சொன்னார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்தாகத்தானே வருகிறது? மனக்காயம் என்றே எழுதியிருந்தால் என்னைப் போன்றவனுக்கும் புரிந்திருக்கும். எழுதவில்லை.

குழந்தைகள் ட்ராமா என்றதும் எனக்கே உற்சாகம். மேடை போட்டேன். இரண்டு பக்கமும் மெரூன் படுதா. நடுவில் கயிறு இழுத்தால் திறக்கிற திரை. சீரியல் லைட். அதோடு விட்டேனா, ஆட்டோவில் குழாய் கட்டி, இன்று மாலை குழந்தைகள் பங்குபெறும் மாபெரும் ட்ராமா, அனைவரும் வாரீர் என்று மதியமே ஊரை மூன்று சுற்றுச் சுற்ற விட்டேன். ஜனம் பாயோடு வந்துவிட்டது. வேர்க்கடலை விற்கிறவனும் வந்துவிட்டான். யாரு ராஜா வேஷம் என்று ஒரு கிழவி என்னிடமே வந்து விசாரித்தது.

உண்மையில் நடக்க இருந்தது இருபது பேர் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து பேசுகிற ஒரு சின்னக் கூட்டம். அதற்கு ஒரு பிள்ளையை அதன் அத்தை கூட்டி வந்திருந்தாள். பிள்ளைக்கு ஒன்பது வயது. அத்தை மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். பிள்ளை சும்மா உட்கார்ந்தால் போதும் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டில், அதன் கண்ணெதிரே, நடக்கக் கூடாத ஒன்று நடந்து தாய் இல்லாமல் போய்விட்டாள். என்ன நடந்தது என்று நான் எழுத மாட்டேன். ஏழு ஊர் மைக்கில் கேட்டுவிட்டது, போதும்.

சார் டூவீலரில் வந்து இறங்கினார். மேடையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திகைத்துப் போனார். ஏச்சு விழப் போகிறது என்று நானும் வாயைத் தயார் பண்ணிக்கொண்டேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

“இத்தனை சனம் நமக்கு இனி எங்கீங்கண்ணா கெடைக்கும்?” என்றார்.

நேராகப் போய் அந்தப் பிள்ளைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். சாமி, ரெண்டே வார்த்தை சொல்லு, போதும் என்றார். அத்தைக்காரி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். மைக் ஸ்டாண்டை அந்தப் பிள்ளையின் வாய் உயரத்துக்கு இறக்கித் திருகினது நான். திரைக் கயிற்றை இழுத்ததும் நான்.

ரெண்டு வார்த்தையோடு நிற்கவில்லை. அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார், அது மைக்கின் கழுத்தைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டே போனது. ஊரே அழுதது. கடலைக்காரன் அழுதான். சாரும் அழுதார், அது நடிப்பில்லை, தன் கசங்கின கைக்குட்டையில் நிஜமாகவே அழுதார். இரண்டாவதைப் பிள்ளையிடம் நீட்டினார். அது வாங்கிக்கொண்டது, ஆனால் கண்ணைத் துடைக்கவில்லை. உள்ளங்கை இரண்டையும் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தது.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை இல்லாமல் அவருக்குக் கூட்டம் இல்லை. ஒவ்வொரு ஊராகக் கூட்டிப் போனார். நானும் போனேன், என் மைக்தானே. மூன்றாவது ஊர் போவதற்குள், எந்த இடத்தில் நிறுத்தினால் கூட்டம் மூச்சை அடக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. சார் சொல்லிக் கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். ஒவ்வொரு தடவையும் உயரம் பார்த்துத் திருக வேண்டாமே என்று ஸ்டாண்டில் அதன் உயரத்துக்குச் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். அந்த ஒரு வருஷத்தில் இரண்டு தடவை அந்தக் கோட்டைச் சுரண்டி அழித்துவிட்டு மேலே போட வேண்டி வந்தது. பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. கதை மட்டும் அங்கேயே நின்றது.

கூட்டம் ஆரம்பிக்கிற வரை அது என் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்தான் வந்து உட்காரும். அனலும் சத்தமும் பெரிய ஆளுக்கே ஆகாது. இங்கே ஏன் உட்கார்றே என்று ஒருநாள் கேட்டேன்.

“இங்க உக்காந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாக தாத்தா,” என்றது.

நான் மைக்கைச் சோதிக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். என் கூடவே வாயை அசைக்கும், சத்தம் வராமல்.

ஒருநாள் சாயங்காலம் அத்தைக்காரி மில் டிரெஸ்ஸோடு என் கோடவுனுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணே, இவ பள்ளிக்கூடம் போமாட்டேங்கிறா. பிள்ளைக எல்லாம் ட்ராமா, ட்ராமான்னு கூப்புடுதுகளாம். பேரே போயிருச்சுண்ணே. டீச்சர்கூட ஒருநா வாய் தவறி அப்பிடிக் கூப்புட்டுருச்சாம்.”

வாத்தியாரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொல்லியும் நிற்கவில்லையாம். அதற்குள் திண்டுக்கல்லில் ஒரு பெரிய கூட்டம் வருகிறதாம், மேலதிகாரிகள் வருகிறார்களாம், அதில் பிள்ளை பேச வேண்டுமாம். அடுத்த வருஷத்துக்கு நிதி வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது என்று சார் சொன்னாராம்.

“அந்தப் பை மாட்டிக்கிட்டு வருமே, அந்தப் பொண்ணுகூட இருக்கையிலதான் இவ வாயத் தொறந்து சிரிக்கா. நான் முடியாதுன்னு சொல்லி அது வாரது நின்னுபோச்சுன்னா? அதான் பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாருல்ல.”

“நான் சொன்னா யாருதான் கேக்க மாட்டாக. நீ போத்தா,” என்று அனுப்பினேன்.

மறுநாளே போனேன். ஆபீசில் தனியாக உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். அந்தப் பிள்ளைக்கு எப்ப சார் போதும் என்று கேட்டேன். சொல்லச் சொல்லத்தான் ஆறும் என்றார். அவள் பேசினதால்தான் மேலே இருக்கிறவர்களுக்கு உறைத்தது, அதனால்தான் ஆற்றுப்படுத்துகிற பொண்ணு ஊர் ஊராகப் போகிறது, ஒரு பிள்ளையை மட்டும் பார்த்தால் மற்ற பிள்ளைகள் கதி என்ன என்று கேட்டார். கடைசியாக, பள்ளிக்கூடத்தில் ட்ராமா என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள் சார் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

“அந்தப் பேர மொதல்ல குழாயில சொன்னது யாருங்கண்ணா?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

நாற்பது வருஷமாக ஊருக்கே சத்தம் கொடுத்தவன் நான். என்னை வாயடைக்க வைத்தது அவர் ஒருத்தர்தான். எழுந்து வந்துவிட்டேன். அத்தைக்காரி வரும் வழியில் மூன்று நாள் நான் போகவில்லை.

பேச்சில் முடியாததைக் கையில் செய்யத் தெரிந்தவன் நான். கூட்டத்துக்கு முந்தின நாள் அந்த ஸ்டாண்டை எடுத்தேன். கம்பியை உச்சி வரை ஏற்றி, திருகைச் சுத்தியல் கொண்டு அடித்து அப்படியே நெளித்தேன். இனி அது இறங்காது. மைக்கை ஸ்டாண்டோடு சேர்த்து டேப்பை இறுகச் சுற்றினேன். கையில் பிடிக்கிற மைக், ஒயர் இல்லாத மைக், எல்லாவற்றையும் கோடவுனிலேயே போட்டுப் பூட்டினேன்.

திண்டுக்கல்லில் ஒரு மண்டபம். காலை பதினொரு மணி. முன்வரிசையில் அதிகாரிகள். சார் பேசினார், குழுக்காரர்கள் இரண்டு பேர் பேசினார்கள். பிறகு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார். அது ஏறி வந்து நின்றது. மைக் அதன் தலைக்கு மேலே ஒரு சாணில் இருந்தது.

“எறக்குங்கண்ணா.”

“எறங்காது சார். திருகு புடிச்சிருச்சு.”

அவரே வந்து திருகினார். கை சிவக்கத் திருகினார். வேறு மைக் என்றார், கொண்டு வரவில்லை என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுகூட உட்கார்ந்திருப்பேன்.

அவர் மேடை ஓரத்தில் கிடந்த ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து மைக்குக்குப் பின்னால் போட்டார். பிள்ளையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி அதன் மேல் நிறுத்தினார். என் நாற்காலி அது. முதுகில் என் கடைப் பெயர் எழுதியிருந்தது.

கைக்குட்டை பாதி வெளியே வந்தது.

பிள்ளை முன்வரிசையைப் பார்த்தது. அத்தையைப் பார்த்தது. பிறகு ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தது. விரலை மடக்கி மைக்கின் தலையில் இரண்டு தட்டுத் தட்டியது, நான் தட்டுகிற மாதிரியே. தொண்டையைக் கனைத்துக்கொண்டது, அதுவும் நான் கனைக்கிற மாதிரியே.

“ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன். டூ. த்ரீ.”

முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார்.

“சத்தம் வருதா?” என்று என்னைக் கேட்டது.

நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகத் தூக்கிக்கொண்டது. “வருதுத்தா,” என்றேன்.

அது தலையை ஆட்டியது. நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு காலாக இறக்கி, இன்னொரு காலையும் இறக்கி, கீழே வந்தது. நேராக அத்தையிடம் போனது. இரண்டு பேரும் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

சார் அந்தப் பாதிக் கைக்குட்டையோடு மேடையில் நின்றார். அதை முழுசாக எடுக்கவும் முடியவில்லை, உள்ளே தள்ளவும் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த மூத்த அதிகாரிதான் எழுந்தார். பிள்ளையைச் சிரமப்படுத்த வேண்டாம் என்றார். அடுத்த வருஷத்து நிதிக்குப் போன வாரமே கையெழுத்தாகிவிட்டது, அதை முறைப்படி அறிவிக்கத்தான் வந்தோம் என்றார். ஜனம் கைதட்டியது. அப்புறம் அவர் மேடையைப் பார்த்துச் சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார்.

“சாருக்குத்தான் அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிட்டமே.”

நான் சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு அவர் யாருக்காகப் பேச வைக்கிறார் என்பது தெரிந்தது. நிதி வந்தாயிற்று. ஆற்றுப்படுத்துகிற பொண்ணு வரப் போகிறது. எல்லாம் தெரிந்துதான் அந்தப் பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் நிறுத்தினார். அதற்குப் பிறகு அவருடைய கூட்டத்துக்கு நான் ஒரு குண்டூசிகூடக் கொடுக்கவில்லை. வேறு மைக் செட்காரனை வைத்து நடத்தினார். கொஞ்ச நாளில் மாற்றலாகிப் போனார்.

போன பங்குனியில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர்தான் முதலில் கூப்பிட்டார். இப்போது வேறு ஜில்லாவில் முதியோருக்கான திட்டம் ஒன்றைப் பார்க்கிறாராம். தனிமை, பழைய மனக்கஷ்டம், அதையெல்லாம் பேச வைக்கிறார்களாம். என்னை மேலும் கீழும் பார்த்தார். உங்களுக்கும் வயசாயிருச்சுங்களே என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஏனுங்கண்ணா, அந்தப் பிள்ளை எப்படி இருக்குது? இப்பவாச்சும் மனசு விட்டுப் பேசுதுங்களா?”

கை சட்டைப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“பஸ் வந்துருச்சு சார்,” என்று சொல்லி, முன்னால் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அது நத்தம் போகிற பஸ். எனக்கு நத்தத்தில் ஒரு வேலையும் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் நடந்தே திரும்பி வந்தேன்.

அந்த ஸ்டாண்டு இன்னும் என் கோடவுனில் நிற்கிறது. திருகு நெளிந்தது நெளிந்ததுதான். சிவப்புக் கோடு மூன்றாவது இடத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் அந்தப் பிள்ளை எவ்வளவு வளர்ந்தது, எங்கே இருக்கிறது, என்ன படிக்கிறது, இப்போது பேசுகிறதா இல்லையா, எல்லாம் எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.